மீனின் வயதைக் கணித்த யோகான் யோர்ட்

கடலை நம்பி வாழும் குடிகளுக்கு ஓராண்டு வலை கிழிய மீன் கிடைப்பதும், மறு ஆண்டு வலை நனைந்ததே மிச்சமாவதும் புதியன அல்ல. நார்வே நாட்டின் வடகோடியிலுள்ள லொஃபோத்தன் தீவுகளில், முட்டையிட வரும் காட் மீன்களை நம்பியே ஊர்கள் வாழ்ந்தன. மீன் வரத்துக் குறைந்த ஆண்டுகளில் அவ்வூர்களை வறுமை வாட்டியது. மீன் வேறு கடலுக்குப் போய்விட்டது என்பதே அக்காலத்தார் சொல்லிய விடை. அவ்விடையை ஐயுற்று, செதில்களின் துணைகொண்டு வேறு விடை தேடியவர் யோகான் யோர்ட்.

1869-ஆம் ஆண்டு பிறந்த யோர்ட், கண் மருத்துவரின் மைந்தர். மருத்துவம் பயிலத் தொடங்கிய அவர் பின்னர் விலங்கியலுக்கு மாறினார். 1900-ஆம் ஆண்டு முதல் நார்வேயின் மீன்வள ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். 1910-இல் சர் ஜான் மர்ரேயுடன் 'மைக்கேல் சார்ஸ்' என்னும் கப்பலில் வட அட்லாண்டிக்கை ஆய்ந்த பயணம் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. எனினும் மீனவர் வாழ்வைத் தொட்டது அவருடைய வேறொரு பணியே ஆகும்.

அப்பணிக்குமுன் ஒரு வழக்கு இருந்தது. டன்னவிக் என்னும் முன்னாள் கப்பல் தலைவர் 1882-இல் ஃபிளோதவீகன் என்னுமிடத்தில் பொரிப்பகம் அமைத்து, காட் மீன்குஞ்சுகளைக் கடலில் விட்டு வந்தார். குஞ்சை விட்டால் மீன் பெருகும் என்பது கேட்போர் எவரும் ஏற்கத்தக்க வாதமே. ஆனால் பெரிய பெட்டைக் காட் ஒன்றே பல இலட்சம் முட்டைகளை இடுகின்றது. அவ்வளவும் பிழைத்தால் கடல் கொள்ளுமா? பிறப்பு குறைவதால் மீன் குறைவதில்லை, பிறந்தபின் இறப்பதாலேயே குறைகின்றது என்பது யோர்ட் தரப்பின் எண்ணம். குஞ்சு விடுவதால் பயன் விளைந்ததற்குச் சான்றில்லை என்று அவரும் அவர்தம் துணைவர் குனுட் டாலும் வாதிட்டனர். பூசல் நீண்டது, குஞ்சு விடும் வழக்கமோ 1971 வரை நீடித்தது.

விடை செதிலில் இருந்தது. நம் நாட்டுச் சாளைக்கு உறவான ஹெரிங் மீனின் செதிலில், கோடையில் வளர்ச்சி அகன்றும் குளிர்காலத்தில் நெருங்கியும் பதிவதால், மரத்தில் காண்பது போன்ற வளையங்கள் தோன்றும். அவற்றை எண்ணினால் வயது தெரியும். ஆண்டுதோறும் பிடிபட்ட மீன்களின் வயதை, மக்கட்தொகைக் கணக்கெடுப்பாளர் போல யோர்ட் தம் உதவியாளருடன் தொகுத்தார்.

வியப்பான செய்தி ஒன்று வெளிப்பட்டது. 1910-ஆம் ஆண்டுப் பிடிப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு, 1904-இல் பிறந்த மீன்களே. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அந்த ஒரே கூட்டமே முன்னின்றது. ஒரு பள்ளியில் என்றோ ஓராண்டு சேர்ந்த மாணவர் கூட்டம் பெரிதாயிருந்தால், அஃது ஒவ்வொரு வகுப்பாக ஏறிச் செல்வதை ஆசிரியர் அறிவர். கடலிலும் அதுவே நிகழ்ந்தது. மீன் எங்கும் ஓடிவிடவில்லை. சில ஆண்டுகளில் பிறந்தவை மட்டும் பெருந்தொகையாகப் பிழைத்திருந்தன.

ஏன் சில ஆண்டுகளில் மட்டும்? 1914-இல் வெளிவந்த தம் பேராய்வில் யோர்ட் இரண்டு காரணங்களைக் கருதுகோளாக முன்வைத்தார். குஞ்சின் மஞ்சட்கரு தீர்ந்து, தானே இரை தேட வேண்டிய அந்தச் சில நாட்களில் நுண்ணிய மிதவை உயிர்கள் கிடைக்காவிடில் அது மடியும். அல்லது நீரோட்டம் அதனைத் தகாத இடத்திற்கு அடித்துச் செல்லும். முட்டையின் எண்ணிக்கை பெரிதன்று, வாழ்வின் முதற் கட்டமே பெரிது என்பது அவர் முடிவு. அதனை மெய்ப்பிப்பது எளிதாக இல்லை. ஆங்கிலேய ஆய்வாளர் குஷிங், குஞ்சு பொரியும் காலமும் மிதவை உயிர் பெருகும் காலமும் ஒத்துவருதலே முதன்மை என்று அக்கருத்தை விரித்தார்.

யோர்ட் 1916-இல் அரசுப் பதவியை விட்டு நீங்கினார். 1921-இல் தலைநகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பின்னாளில் அவர் கவனம் திமிங்கில வேட்டையின்மேல் சென்றது. எவ்வளவு பிடித்தால் இனம் அழியாது என்னும் வினாவை 1933-இல் தம் துணைவருடன் ஆராய்ந்தார். 1948-இல் மறைந்தார்.

அவ்வினாவின் கடுமை அவர் மறைவுக்குப் பின்னரே ஹெரிங் மீனவர்க்கு உறைத்தது. ஆற்றல் மிக்க படகுகளும் எந்திரம் இழுக்கும் பெருவலைகளும் முதிர்ந்த மீனையும் இளமீனையும் ஒருசேர வாரியதால், 1960-களின் இறுதியில் நார்வேயின் ஹெரிங் வளம் சரிந்தது. முட்டையிடத் தாய்மீனே அருகியபோது, குஞ்சுக்கு வாய்க்கும் நல்ல ஆண்டினால் என்ன பயன்? மீன்பிடிப்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்திப் பல்லாண்டு பொறுத்த பின்னரே வலுவான கூட்டமொன்று மீண்டும் தலைகாட்டியது. அக்கூட்டம் பிறந்த ஆண்டு 1983. அதனை அறிவித்தவையும் செதில் வளையங்களே.