பொண்ணா, பொம்பளையா?

2011 ஜூன் மாதம், தேர்தலை ஒட்டிய நாட்களில், அன்றைய துருக்கிப் பிரதமர் எர்டோகன் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசினார். அங்காராவில் நடந்த போராட்டத்தில் காவல்துறையின் கவச வாகனத்தின் மேல் ஏறி நின்றவர் அவர். அவர் ‘கதினா, கிஸ்ஸா’ என்று தனக்குத் தெரியாது என்றார் பிரதமர். அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தால் ‘பெண்ணா, சிறுமியா தெரியாது’ என்று வரும். படிக்கிறவர்கள் ஏதோ வயதைப் பற்றிய சந்தேகம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். துருக்கியில் கேட்டவர்களில் ஒருவருக்கும் வயது நினைவுக்கு வந்திருக்காது. பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்தன.

‘கிஸ்’ என்றால் சிறுமி, மகள், மணமாகாதவள். அதோடு, கன்னி. துருக்கியில் கன்னிச்சவ்வின் பெயரே ‘கிஸ்-தன்மையின் சவ்வு’ என்றுதான் இருக்கிறது. திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயருக்கும் அதே சொல்தான் அடை. உடலுறவு கொண்டபின் அவள் ‘கதின்’ ஆகிவிடுகிறாள். பிரதமர் கேட்டது என்ன என்பது இப்போது விளங்கும். நம் பேச்சு வழக்கில் ஒரு ‘பொண்ணு’ எந்த நாளில் ‘பொம்பளை’ ஆகிறாள் என்று யோசித்தால் இன்னும் நன்றாக விளங்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. துருக்கி மொழியில் இலக்கணப் பால் கிடையாது. அவன், அவள், அது மூன்றுக்கும் ‘ஒ’ என்ற ஒரே சொல்தான். வினைமுற்றிலும் ஆண் பெண் வேறுபாடு இல்லை. பால் காட்டாத மொழி சமத்துவ மொழி என்று நம்புகிறவர்களுக்கு ‘கிஸ்’ என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டினால் போதும்.

எர்டோகன் பேசுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த இரண்டு சொற்களையும் எடுத்து ஒரு நாவலின் முதல் பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் தலைப்பாக வைத்தவர் லெய்லா எர்பில். 1931இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். முதலில் சிறுகதைக்காரர். ‘ஹல்லாச்’ என்ற முதல் தொகுப்பு 1960இல் வந்தது. இருக்கிற நிறுத்தற்குறிகள் போதாமல் அடுத்தடுத்து மூன்று கால்புள்ளி என்பது போலத் தனக்கென்று புதிய குறிகளை உண்டாக்கிக்கொண்டவர். 1971இல் வந்தது அவருடைய முதல் நாவல். பெயர் ‘ஒரு விசித்திரமான பெண்’. மூலத் தலைப்பில் பெண்ணுக்கு உள்ள சொல் கதின். உள்ளே நான்கு பகுதிகள்: கிஸ், பாபா, அனா, கதின். நடுவில் உள்ள இரண்டும் அப்பாவும் அம்மாவும்.

முதல் பகுதியில் நெர்மின் என்ற பல்கலைக்கழக மாணவி நாட்குறிப்பு எழுதுகிறாள். கவிதையும் எழுதுகிறாள். எழுத்தாளர்கள் கூடும் மதுக்கடைக்குப் போகிறாள். அங்கே உள்ள முற்போக்கான ஆண்கள் அவள் கவிதையைவிட அவளைத்தான் பார்க்கிறார்கள். வீட்டிலோ அம்மாவின் முழுக் கவலையும் மகள் இன்னும் ‘கிஸ்’தானா என்பது. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றேதான். கேட்கும் விதம் மட்டும் வேறு. கப்பல்காரரான அப்பாவின் பகுதியில், 1921இல் கருங்கடலில் கொல்லப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் முஸ்தபா சுப்ஹியின் நினைவு வந்து வந்து போகிறது. கடைசிப் பகுதியில் நெர்மின் நடுவயதை எட்டிவிட்டாள். மக்களோடு மக்களாக வாழ்வதற்காக இஸ்தான்புல்லின் குடிசைப் பகுதிக்குக் குடிபோகிறாள். அந்த மக்கள் அவளைத் தங்களில் ஒருத்தியாக ஏற்றுக்கொள்வதில்லை. புரட்சிக்காரியைக் கேலி செய்யவும் புரிந்துகொள்ளவும் ஒரே நேரத்தில் முடிகிறது எர்பிலுக்கு.

‘கிஸ்’ வீட்டுக்குள் புழங்கும் சொல் மட்டுமல்ல, சட்டத்திலும் இருந்தது. இத்தாலியச் சட்டத்தை முன்மாதிரியாக வைத்து 1926இல் குடியரசு இயற்றிய தண்டனைச் சட்டம் பாலியல் குற்றங்களைப் பொது ஒழுக்கத்துக்கும் குடும்ப ஒழுங்குக்கும் எதிரான குற்றங்களாகவே வகைப்படுத்தியது. திருமணம் செய்துகொள்வதாக ஏமாற்றி ஒரு பெண்ணின் ‘கிஸ்-தன்மை’யைக் கெடுப்பது அதில் தனிக் குற்றம். பாலியல் வல்லுறவுக்கு ஆளானவர் பாலியல் தொழிலாளியாக இருந்தால் குற்றவாளிக்குத் தண்டனையைக் குறைக்கலாம் என்று 438ஆம் பிரிவு சொன்னது. பெண்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, 1990இல்தான் அது நீக்கப்பட்டது. கன்னி, கன்னியல்லாதவர் என்ற பாகுபாடு முழுதாக ஒழிய, பெண்கள் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற 2004ஆம் ஆண்டின் புதிய சட்டம் வர வேண்டியிருந்தது. ஏழாண்டு கழித்துப் பிரதமரே அந்தப் பாகுபாட்டை வாயால் மீட்டெடுத்தார்.

எர்பிலின் நாவல் ஆங்கிலத்துக்குப் போன கதை இன்னொரு வகையில் நீண்டது. முதலில் அதை மொழிபெயர்த்தவர் நெர்மின் மெனெமென்ஜியோலு. கதாநாயகியின் பெயரே மொழிபெயர்ப்பாளருக்கும் இருப்பது தற்செயல்தான். 1978இல் பெங்குயின் வெளியிட்ட துருக்கியக் கவிதைத் தொகுப்பின் தொகுப்பாளர் அவர். பெயர் தெரியாதவர் அல்ல. இருந்தும் நாவல் மொழிபெயர்ப்பு அச்சேறவில்லை. 1994இல் மெனெமென்ஜியோலு இறந்தார். 2013இல் எர்பில் இறந்தார். ஏமி ஸ்பேங்ளர் அந்தப் பழைய மொழிபெயர்ப்பை எடுத்து உழைத்துச் சீர்செய்ய, 2022இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்துச் சிறு பதிப்பகம் ஒன்று அதை வெளியிட்டது. எழுத ஒரு பெண், மொழிபெயர்க்க இரண்டு பெண்கள், இடையில் ஐம்பத்தோராண்டு. எழுதியவரும் முதலில் மொழிபெயர்த்தவரும் அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கவில்லை.

இது எர்பிலுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. செவ்கி சோய்சால் 1971 ராணுவத் தலையீட்டுக்குப் பின் சிறையிலும், அதானா நகரத்துக்கு நாடுகடத்தல் தண்டனையிலும் இருந்தவர். அதானாவில் ஒரே ஓர் இரவில் நடக்கும் அவருடைய ‘விடியல்’ நாவல் 1975இல் வந்தது. மறு ஆண்டே நாற்பது வயதில் புற்றுநோயில் இறந்தார். ஆங்கிலத்தில் ‘விடியல்’ வந்தது 2022இல். மனநல மருத்துவமனையில் மின்னதிர்ச்சிக்கு ஆளாக்கப்பட்டதை எழுதிய தெசெர் ஓஸ்லுவின் ‘குழந்தைமையின் குளிர்ந்த இரவுகள்’ 1980இலிருந்து 2023வரை காத்திருந்தது. அவர் 1986இலேயே இறந்துவிட்டார். இவ்விரண்டையும் ஆங்கிலத்தில் தந்த மோரீன் ஃப்ரீலிதான் 1940களின் எழுத்தாளர் சுவாத் தெர்விஷின் நாவல் ஒன்றையும் 2021இல் கொண்டுவந்தார். அதன் பிரெஞ்சு வடிவம் 1958இலேயே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, மொழிபெயர்க்கவே முடியாத எழுத்து என்ற சமாதானம் எடுபடாது.

சிறுகதைகளுக்குக் கொஞ்சம் முன்னதாகவே வழி பிறந்தது. நிலுஃபர் மிசானோலு ரெட்டி மொழிபெயர்த்த, துருக்கியப் பெண்களின் இருபது கதைகள் கொண்ட தொகுப்பு 1988இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் துருக்கிய ஆய்வு வரிசையில் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அத்தகைய புத்தகம் நூலக அடுக்கில் ஆய்வாளருக்காகக் காத்திருக்கும். கடையில் ஒருத்தி தற்செயலாக எடுத்துப் புரட்டுவதற்கு வாய்ப்புக் குறைவு. 2005இல் துருக்கி அரசு மொழிபெயர்ப்புகளுக்கு நிதியுதவி தரத் தொடங்கியது. மறு ஆண்டு ஓரான் பாமுக்குக்கு நோபல் கிடைத்தது. கதவு அகலத் திறந்தபோது முதலில் நுழைந்தவர்கள் உயிரோடிருந்த, பேட்டி தரக்கூடிய எழுத்தாளர்கள். இறந்துபோன பெண்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். அதே அரசுதான் 2016இல் அஸ்லி எர்டோகன் என்ற எழுத்தாளரை நான்கு மாதத்துக்கும் மேல் சிறையில் வைத்தது.

இவர்களுக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 1890 வாக்கில் பிரெஞ்சு நாவல் ஒன்றை மொழிபெயர்த்த ஃபாத்மா அலியே தன் பெயரைப் போடாமல் ‘ஒரு பெண்’ என்று மட்டும் அச்சிட்டார். இன்று ஐம்பது லிரா நோட்டில் அவர் முகம் இருக்கிறது. ஹாலிதே எதிப் யாருக்கும் காத்திருக்கவில்லை. நாட்டுக்கு வெளியே வாழ்ந்த காலத்தில் ‘கோமாளியும் அவன் மகளும்’ என்ற நாவலை ஆங்கிலத்திலேயே எழுதி 1935இல் லண்டனில் வெளியிட்டார். துருக்கி வடிவம் அடுத்த ஆண்டுதான் வந்தது. அதே 1935இல் தில்லி ஜாமியா மில்லியாவுக்கு வந்து உரைகள் ஆற்றினார். இந்தியாவைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார். ஆனால் அவருக்கு அமெரிக்கப் பெண்கள் கல்லூரிப் படிப்பு இருந்தது. எல்லோருக்கும் அந்த வழி இருக்கவில்லை.

நாம் இவர்களை வாசிப்பது ஆங்கிலத்தின் வழியாகத்தான். அங்கே தொலைந்ததில் சில தமிழுக்கு எளிதில் திரும்பிவிடும். அம்மாவின் சகோதரி துருக்கியில் ‘தெய்ஸே’, அப்பாவின் சகோதரி ‘ஹாலா’. ஆங்கிலத்தில் இருவரும் ஒரே ‘ஆண்ட்டி’. நமக்குச் சித்தியும் அத்தையும் இருக்கிறார்கள். ‘அப்லா’ என்பதை அக்கா என்று எழுதினால் ஒரு துளியும் சிந்தாது. ‘கிஸ்’ அப்படித் திரும்புவதில்லை.

மாணவிகளோடு நடத்திய ஒரு வாசிப்புக் கூட்டத்தில், எர்பிலின் நான்கு பகுதித் தலைப்புகளைத் தமிழாக்கிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். அப்பாவும் அம்மாவும் ஒரு நிமிடத்தில் முடிந்தது. முதல் தலைப்புக்குக் கன்னி என்றாள் ஒருத்தி. அதில் தேவாலயமும் ராசிபலனும் வந்துவிடுகின்றன என்றார்கள் மற்றவர்கள். மகள் என்றால் அப்பாவிடம் போய்விடுகிறாள். ‘பொண்ணு, பொம்பளை என்றே வைத்துவிடலாமே’ என்றேன் நான். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள்: “எங்கம்மா வேலை செய்யுற வீட்டுல எங்கம்மாவ ‘வேலைக்காரப் பொம்பளை’ன்னுதான் சொல்லுவாங்க. அந்த வீட்டு அம்மாவுக்கும் மூணு புள்ளைங்க. அவங்கள யாரும் பொம்பளைன்னு சொல்லி நான் கேட்டதில்ல.”

பலகையில் எழுதியிருந்த இரண்டு சொற்களையும் அழித்தேன். நடுவில் அப்பாவும் அம்மாவும் மட்டும் மிஞ்சினார்கள். அடுத்த வகுப்புக்கு மணி அடிக்கும்வரை மேலேயும் கீழேயும் அந்த இடம் காலியாகவே இருந்தது.