கவுன்ட்இஃப் ஏன் பவர் பிஐக்கு வரவில்லை?

ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் மாணவர் டான் பிரிக்லினும் அவருடைய நண்பர் பாப் பிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க், 1979இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்தது. (மாணவராக இருக்கும்போதே தோன்றிய யோசனை!) அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முகவரி உண்டு: ஏ1, பி7 என்று. 1985இல் வந்த எக்ஸெலும் இதே வழிதான்.

கவுன்ட்இஃப் அந்த முகவரியை நம்பிப் பிழைக்கிற சூத்திரம். "ஏ2 முதல் ஏ501 வரை பார், இந்த வாடிக்கையாளர் பெயர் எத்தனை தடவை வருகிறது?" என்று கேட்டால் எண்ணிச் சொல்லும். நிபந்தனை ஒன்றுக்கு மேல் போனால் உதவ, எக்ஸெல் 2007இல் கவுன்ட்இஃப்ஸ் வந்தது.

2010இல் மைக்ரோசாஃப்ட், எக்ஸெலோடு சேர்த்துப் பயன்படுத்த பவர்பிவட்டைக் கொடுத்தது. அதன் சூத்திர மொழி டாக்ஸ். சம், ஆவரேஜ், கவுன்ட், இஃப் என்று எக்ஸெல்காரர்களுக்குப் பழகிய பெயர்கள் நிறைய அதில் இருந்தன. ஆனால் கவுன்ட்இஃப்பைக் காணோம்! 2015இல் அதே மொழியோடு பவர் பிஐ வந்தபோதும் இல்லை.

காரணம் எளிது. டாக்ஸில் கட்டமே கிடையாது. அட்டவணையும் நெடுவரிசையும்தான். அதனால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: முதலில் வேண்டாத வரிகளை வடிகட்டு, பிறகு மிச்சத்தை எண்ணு. வடிகட்ட கால்குலேட், எண்ண கவுன்ட்ரோஸ். இது புரியாமல் புது நெடுவரிசை ஒன்றில் கவுன்ட்ரோஸை மட்டும் எழுதினால், 500 பில் உள்ள அட்டவணையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 500 என்றே நிற்கும். பாவம், ஒரே ஒரு பில் போட்டவருக்கும் 500!

இதைவிடப் பெரிய தலைவலி, "இது இந்த வாடிக்கையாளரின் எத்தனையாவது பில்?" என்ற கணக்கு. எக்ஸெலில் முதல் முகவரிக்கு மட்டும் டாலர் குறி போட்டு, சூத்திரத்தைக் கீழே இழுத்தால் முடிந்தது. டாக்ஸுக்கோ "மேலே உள்ள வரி" என்றாலே என்னவென்று தெரியாது. பில் எண் தனி நெடுவரிசையாக இருந்தால்தான், "இதே பெயரில், இந்த எண் வரை உள்ள பில்கள் எத்தனை?" என்று கேட்க முடியும். இதற்கு முதலில் இயர்லியர் என்ற குழப்பமான ஃபங்ஷன்தான் இருந்தது. 2015இல் வார் வந்தபிறகு எழுதியதைத் திரும்பப் படித்தால் புரிகிற அளவுக்கு ஆனது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், ஆனால் ஆளையே மறைத்துவிடும். எதுவும் இல்லையென்றால் கவுன்ட்இஃப் 0 என்று சொல்லும். கவுன்ட்ரோஸ் வெறுமையாக விட்டுவிடும். வெறுமையான வரியை பவர் பிஐ அறிக்கை பொதுவாகக் காட்டுவதில்லை. இந்த மாதம் ஒரு பில்கூடப் போடாத வாடிக்கையாளர் யார் என்று மேலாளர் தேடினால், தேடுகிற பெயர்தான் பட்டியலில் இருக்காது. சூத்திரத்தின் கடைசியில் ஒரு கூட்டல் 0 போட்டால் அவர் திரும்பி வந்துவிடுவார்.