சூப்பர்சார்ஜர் எண்ணெய்

சூப்பர்சார்ஜர் எண்ணெய் என்பது உந்துபொறிக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் சூப்பர்சார்ஜரின் பற்சக்கரங்களுக்கும் தாங்கிகளுக்கும் உராய்வைக் குறைக்கப் பயன்படும் செயற்கை எண்ணெய் ஆகும். 1860 இல் அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமம் பெற்ற காற்றூதியே ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜருக்கு முன்னோடியாகும். தமிழ்நாட்டின் ஒரகடத்தில் உருவாக்கப்பட்டு 2010 முதல் ஐரோப்பாவிற்கு ஏற்றுமதியான நிசான் மைக்ராவின் ஒரு வகையில் சூப்பர்சார்ஜர் பொருத்தப்பட்டிருந்தது.

அமைப்பு

ரூட்ஸ் வகையில் இரு சுழலிகள் ஒன்றையொன்று தொடாமல் சுழல்கின்றன. அவ்விடைவெளியைக் காப்பவை முன்புறப் பெட்டியிலுள்ள பற்சக்கரங்கள் ஆகும். ஈட்டன் எம்90 போன்றவற்றில் இப்பெட்டியின் எண்ணெய் தனியானது. உந்துபொறி எண்ணெயை மாற்றும்போது இது மாறுவதில்லை. எண்ணெய் குறைந்தால் பற்சக்கரங்களும் தாங்கிகளும் தேயும். நாளடைவில் சுழலிகள் உரசிச் சிதையும்.

வீட்டில் மாற்றும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, உந்துபொறி முற்றிலும் குளிர்ந்த பின்னரே நிரப்புதுளையின் மூடியைக் கழற்ற வேண்டும். தூசு உள்ளே விழாதிருக்க, முன்னதாகத் துளையைச் சுற்றித் துடைத்தல் அவசியம். வடிதுளை இல்லாதவற்றில் மெல்லிய குழாய் பொருத்திய சிரிஞ்சினால் பழைய எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. அதில் உலோகத் துகள்கள் காணப்படுவது தேய்மானத்தின் அறிகுறியாகும். எம்90 இல் துளையின் மரையினது அடிவிளிம்பு வரை புதிய எண்ணெய் நிரப்பப்படுகிறது. மிகுதியானால் அடைப்பிகள் கசிந்து, எண்ணெய் காற்றுவழிக்குள் புகக்கூடும்.

பழைய எண்ணெய் இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி இடர்மிகு கழிவாகும். இதனை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றலாகாது.