மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காதபோது: மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காமல் போவது ஒரு நோயன்று. ஆயினும், பல ஆண்டு உழைப்பும் குடும்பத்தின் சேமிப்பும் ஒரே தேர்வைச் சார்ந்திருக்கும்போது, அந்த ஏமாற்றம் ஓர் இளைஞரின் மனநலத்தையும், சில வேளைகளில் உயிரையும் பாதிக்கக்கூடும். நீட் தேர்வு எழுதி, விரும்பிய இடம் கிடைக்காத மாணவர்களுக்காகவும், அவர்களுடன் ஒரே வீட்டில் வாழும் பெற்றோர், உடன்பிறந்தோர், விடுதிக் காப்பாளர் ஆகியோருக்காகவும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

உங்கள் பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால், இப்பக்கத்தை முழுவதும் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல், 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணை அழையுங்கள். இச்சேவை இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணையும் அழைக்கலாம். நஞ்சு அல்லது அளவுக்கு மீறிய மாத்திரை உட்கொண்டிருப்பார் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும், அவர் நலமாகத் தோன்றினாலும், உடனே 108 ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இந்த இழப்பு ஏன் இவ்வளவு வலிக்கிறது?

முதலில் சில எண்களைத் தெரிந்துகொள்வது நல்லது. 2024 ஆம் ஆண்டு நாடு முழுவதும் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நீட் தேர்வை எழுதினர். அவர்களுள் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றனர். எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். அவற்றிலும் ஏறத்தாழ பாதி தனியார் கல்லூரிகளில் உள்ளவை. பல குடும்பங்களின் வருவாய்க்கு எட்டாத கட்டணம் கொண்டவை. அதாவது, தேர்வில் தகுதி பெற்றவர்களிலேயே பத்தில் ஒன்பது பேருக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்க வழியில்லை. 'தகுதி பெற்றார்' என்பதும் 'இடம் பெற்றார்' என்பதும் வேறு வேறு என்பதை உறவினர்கள் பலர் அறிவதில்லை. "பாஸ் ஆகிவிட்டான் என்றீர்களே, ஏன் சேரவில்லை?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

மதிப்பெண்ணும் ஆண்டுக்கு ஆண்டு பொருள் மாறும் ஒன்று. பொதுப் பிரிவினருக்கான தகுதி மதிப்பெண் 2024 இல் 720 க்கு 162 ஆக இருந்தது. 2025 இல் 144 ஆகக் குறைந்தது. வினாத்தாள் கடினமானால் எல்லோருடைய மதிப்பெண்ணும் இறங்குகிறது. எனவே அண்டை வீட்டுப் பிள்ளை முந்தைய ஆண்டில் எடுத்த மதிப்பெண்ணோடு உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

ஆனால் எண்களைச் சொல்லி மட்டும் எவரையும் ஆற்றிவிட முடியாது. ஐந்து வயதிலிருந்து 'டாக்டரம்மா' என்று அழைக்கப்பட்ட ஒரு பெண் இழப்பது ஒரு கல்லூரி இடத்தை மட்டுமன்று. தான் யார் என்று இதுவரை நம்பியிருந்ததையும் சேர்த்தே இழக்கிறாள். வீட்டில் ஒருவர் இறந்தால் சுற்றத்தார் கூடி அழுகிறார்கள், சோறு கொண்டுவருகிறார்கள், நாள் குறித்துத் துயரைக் கழிக்கிறார்கள். இந்த இழப்புக்கு அப்படி ஒரு சடங்கும் இல்லை. மாறாக, மறுநாளே 'அடுத்து என்ன?' என்ற கேள்வி தொடங்கிவிடுகிறது.

இதில் இன்னொரு துன்பமும் உண்டு. இழப்பு ஒரே நாளில் வருவதில்லை. தேர்வு முடிவு, தரவரிசைப் பட்டியல், 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக் கலந்தாய்வு, மாநிலக் கலந்தாய்வு, அடுத்தடுத்த சுற்றுகள், கடைசியாக எஞ்சிய காலியிடங்களுக்கான சுற்று என்று மாதக்கணக்கில் நீள்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நம்பிக்கை எழுந்து மீண்டும் உடைகிறது. ஆகவே, தேர்வு முடிவு வெளியான வாரத்தை அமைதியாகக் கடந்துவிட்ட மாணவர்கூட, கடைசிச் சுற்று முடியும் நாளில் நிலைகுலையலாம். பெற்றோர் பெரும்பாலும் முதல் வாரத்தில் கண்ணும் கருத்துமாக இருந்துவிட்டுப் பிறகு கவனம் தளர்கின்றனர். கல்லூரிகள் திறந்து, நண்பர்கள் வெள்ளை மேலங்கி அணிந்த படங்களைப் பகிரும் நாள்களும் கவனத்துக்குரியவையே.

முதல் நாள்களில் வீட்டில் உள்ளோர் செய்ய வேண்டியவை

செய்தி தெரிந்த அந்த மணி நேரத்தில் உங்கள் முகத்தைத்தான் பிள்ளை முதலில் பார்ப்பார். நீண்ட அறிவுரை அப்போது தேவையில்லை. "உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், சாப்பிட வா" என்பது போதும். அழுதால் அழவிடுங்கள். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சிறுமைப்படுத்துவதும், "அப்போதே ஃபோனை வைத்துவிட்டுப் படி என்றேன்" என்று கணக்குத் தீர்ப்பதும் ஒரே விளைவையே தரும்: பிள்ளை பேசுவதை நிறுத்திவிடுவார். செலவான பணத்தைப் பற்றிய பேச்சை அந்த வாரங்களில் அறவே தவிருங்கள். பயிற்சி மையத்துக்காக நகையை அடகு வைத்ததும், நிலத்தின் மேல் கடன் வாங்கியதும் பிள்ளைக்குத் தெரியும். நீங்கள் சொல்லாவிட்டாலும் அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது அதுவே. 'குடும்பத்துக்கு நான் ஒரு சுமை' என்ற எண்ணம், தற்கொலை எண்ணத்துக்கு அழைத்துச் செல்லும் பாதைகளுள் மிகவும் ஆபத்தானது.

உறவினர்களின் அழைப்புகளை வீட்டில் பெரியவர் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும். "இந்த முறை இடம் அமையவில்லை, என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்" என்ற ஒரே விடையை எல்லோருக்கும் சொல்லிவிடலாம். திருமணம், காதுகுத்து போன்ற நிகழ்ச்சிகளுக்கு வர விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். ஆனால் அறைக்குள்ளேயே நாள் முழுதும் அடைந்து கிடக்கவும் விடாதீர்கள். கடைக்கு, வயலுக்கு, மாலை நடைக்கு என ஏதேனும் ஒன்றுக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டிலுள்ள பூச்சிக்கொல்லி, எலி மருந்து, தாத்தா பாட்டியின் மாத்திரைகள் ஆகியவற்றைப் பூட்டி வையுங்கள். இயன்றால் சில மாதங்களுக்கு வீட்டைவிட்டே அகற்றுங்கள். 'என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான்' என்று நினைக்கும் பெற்றோரும் இதைச் செய்ய வேண்டும். தற்கொலை முயற்சிகள் பல, நெடுநாள் திட்டமிட்டவையாக இல்லாமல் சில நிமிடங்களின் கொந்தளிப்பில் நிகழ்கின்றன. அந்த நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் இல்லாதிருப்பதே பல உயிர்களைக் காத்திருக்கிறது.

மாணவராகிய உங்களுக்கு

இப்போது உங்களுக்கு வெட்கம், கோபம், பொறாமை, வெறுமை எல்லாம் மாறி மாறி வரலாம். நெருங்கிய தோழிக்கு இடம் கிடைத்ததை எண்ணி மகிழ முடியவில்லை என்றால் அதனால் நீங்கள் தீயவராகிவிடவில்லை. அவருக்கு ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்பிவிட்டு, சில வாரங்களுக்குக் குழு உரையாடல்களின் ஒலியை நிறுத்தி வைப்பதில் தவறில்லை.

விடைக்குறிப்பை மீண்டும் மீண்டும் திறந்து, அந்த ஒரு கேள்விக்குச் சரியாகக் குறித்திருந்தால் நான்கு மதிப்பெண், தவறான ஒன்றை விட்டிருந்தால் ஒரு மதிப்பெண் மிச்சம் என்று இரவெல்லாம் கணக்கிடுகிறீர்களா? தவறுகளை ஆராய்வது பயனுள்ளதுதான். ஆனால் அதற்கு உரியது பகல் வேளை, அதுவும் சில வாரங்கள் கழித்து, ஓர் ஆசிரியருடன் அமர்ந்து. இரவு இரண்டு மணிக்குச் செய்யும் அந்தக் கணக்கு எவ்விதத் தெளிவையும் தராமல் உறக்கத்தைக் கெடுக்கும். உறக்கம் கெட்டால் எல்லாத் துயரமும் இரட்டிப்பாகத் தெரியும். நேரத்துக்கு உறங்குவதும் எழுவதும் இந்நாள்களில் உண்மையிலேயே மருந்துக்கு இணையானவை. மது, உறக்க மாத்திரை ஆகியவற்றை நீங்களாக நாடாதீர்கள்.

பெற்றோரிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஒருவரையாவது தேர்ந்துகொள்ளுங்கள். அவர் அத்தையாக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம், 14416 இல் பேசும் ஆலோசகராகவும் இருக்கலாம்.

வருத்தமா, மனச்சோர்வு நோயா?

சாதாரண வருத்தம் அலைபோல வரும். நடுவில் ஒரு நகைச்சுவைக்குச் சிரிக்க முடியும். பிடித்த உணவு ருசிக்கும். வாரங்கள் செல்லச் செல்ல அலைகளின் இடைவெளி கூடும். மனச்சோர்வு நோயில் அந்த இடைவெளிகள் இருப்பதில்லை. இரண்டு வாரங்களுக்கு மேலாக நாளின் பெரும்பகுதி துயரம் அல்லது எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் மாறுதல், காரணமற்ற களைப்பு, கவனம் குவியாமை, தன்னைப் பயனற்றவராகக் கருதுதல் ஆகியவை நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இளவயதினரிடம் துயரம் எரிச்சலாகவும் சினமாகவும் வெளிப்படுவது உண்டு. 'திமிர்' என்று நாம் பெயரிடுவது நோயாக இருக்கலாம்.

விருப்பமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், விடைபெறுவது போன்ற செய்திகள், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு, கடும் துயரத்துக்குப் பின் திடீரெனக் காரணமின்றித் தோன்றும் அமைதி ஆகியவை உடனடிக் கவனத்துக்குரியவை. ஐயம் இருந்தால் நேரடியாகவே கேளுங்கள்: "சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா?" அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது, மறைத்து வைத்த சுமையை இறக்கி வைக்க அது வழி தருகிறது. 'ஆம்' என்று விடை வந்தால் அதிர்ந்து திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். சொன்னதற்கு நன்றி கூறி, அன்றே உதவியை நாடுங்கள்.

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உள்ளது. லேசான நிலைக்கு உளவியல் ஆலோசனையே போதுமானதாக இருக்கும். தேவைப்பட்டால் மருந்து தரப்படும். மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். அவை அடிமைப்படுத்துவன அல்ல; ஆயினும் மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தக் கூடாது. 25 வயதுக்குட்பட்டோருக்கு மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடினால் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

முயற்சி நிகழ்ந்துவிட்ட வீடுகளில், காவல்துறை வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவோர் உண்டு. 2017 ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115 ஆவது பிரிவின்படி, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை. எனவே தயக்கம் வேண்டாம்.

மீண்டும் எழுதுவதா, வேறு படிப்பா?

நீட் எழுதுவதற்கு உச்ச வயது வரம்போ முயற்சிகளின் எண்ணிக்கை வரம்போ இப்போது இல்லை. இது ஒரு வாய்ப்பு. அதேவேளையில் முடிவே எடுக்காமல் ஆண்டுகளை நீட்டிக்கொண்டு போகும் பொறியாகவும் ஆகக்கூடும். துயரத்தின் நடுவில் பெரிய முடிவு எடுக்க வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. ஆனால் விண்ணப்பத்தின் கடைசி நாள் நம் துயரத்துக்காகக் காத்திருப்பதில்லை. எனவே விண்ணப்பத்தையும் முடிவையும் பிரித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. செவிலியர், மருந்தியல் உள்ளிட்ட துணை மருத்துவப் படிப்புகள் பலவற்றுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடைபெறுகிறது. வேளாண்மைப் படிப்புக்கும் அவ்வாறே. சித்த மருத்துவத்துக்கு நீட் தகுதி போதும், தரவரிசை வேறு. இவற்றுக்கு விண்ணப்பித்து வைப்பதால் மருத்துவக் கனவைக் கைவிட்டதாகிவிடாது.

மீண்டும் எழுதுவது என்றால், அது பிள்ளையின் விருப்பமா, பெற்றோருடையதா என்பதை முதலில் தெளிவாக்குங்கள். 'இன்னும் ஒரு முறை மட்டும்' என்றோ 'இரண்டு முறை' என்றோ முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். சென்ற முறை எந்தப் பாடத்தில் எவ்வளவு குறைந்தது, அந்த இடைவெளியை ஓராண்டில் நிரப்ப முடியுமா என்று பாட ஆசிரியரிடம் கேளுங்கள்; பயிற்சி மையத்தின் விளம்பரப் பலகை அதற்கு விடை தராது. மனச்சோர்வு இருக்குமானால் அதற்குச் சிகிச்சை தொடங்கிய பின்னரே தயாரிப்பைத் தொடங்குவது நல்லது. தொலைவிலுள்ள விடுதியில் தங்கிப் படிப்பவரை நாள்தோறும் அழைத்துப் பேசுங்கள். மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை விசாரிக்கும் முன் சாப்பிட்டாரா, உறங்கினாரா என்று விசாரியுங்கள்.

இந்த வாரங்களில் உங்கள் கைப்பேசிக்கு அறிமுகமில்லாத அழைப்புகளும் வரும். பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருவதாகச் சொல்பவரை நம்ப வேண்டாம், எம்.பி.பி.எஸ். இடங்கள் கலந்தாய்வு வழியாக மட்டுமே நிரப்பப்படுகின்றன. வெளிநாட்டில் மருத்துவம் படிப்பதற்கும் நீட் தகுதி தேவை. படித்துத் திரும்பியபின் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய உரிமத் தேர்விலும் தேற வேண்டும். படிப்புக் காலம், பயிற்று மொழி, மருத்துவமனைப் பயிற்சி ஆகியவை தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளுக்குப் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும்வரை முகவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். நிலத்தை விற்பது குறித்த பேச்சைக் குறைந்தது ஒரு மாதத்துக்காவது தள்ளி வையுங்கள்.

பெற்றோராகிய உங்களுக்கும் உறக்கமின்மை, நெஞ்சு அழுத்தம், இடைவிடாத கவலை ஆகியவை இருந்தால் 14416 உங்களுக்கும் உரியதே. பிள்ளையின் பெயரையோ மதிப்பெண்ணையோ அங்கே சொல்ல வேண்டியதில்லை.