கந்தையில் எழுதிய உருவங்கள்

வீட்டில் வளர்ந்த நாயோ பூனையோ மறைந்துவிட்டால், அதன் உருவத்தைக் கண்முன் வைத்துக்கொள்ள மனம் விரும்புவது இயல்பு. மேலை நாடுகளில் அவ்விருப்பம் இன்று ஒரு கைத்தொழிலாகவே வளர்ந்துள்ளது. வார இறுதியில் பத்துப் பதினைந்து பேர் ஊருக்கு ஒதுங்கிய ஒரு விடுதியில் கூடுகின்றனர். தத்தம் வளர்ப்பு விலங்கின் உருவத்தைத் துணித் துண்டுகளால் அமைத்து, இரண்டு நாளில் போர்வையாகத் தைத்துக்கொண்டு திரும்புகின்றனர்.

அதன் முறை எளியது. விலங்கின் நிழற்படத்தைப் பெரிதாக்கி, ஒளி விழும் பகுதி, இடைநிழல், இருள் என மூன்று நான்கு கூறுகளாகத் தாளில் வரைந்துகொள்கின்றனர். ஒவ்வொரு கூற்றுக்கும் ஏற்ற துணியை வெட்டிப் பின்னணித் துணியின்மேல் பொருத்துகின்றனர். அடியில் பஞ்சும் அதற்கும் அடியில் மற்றொரு துணியும் இட்டு, மூன்றையும் ஊடுருவத் தைக்கின்றனர். இங்கே நிறம் பெரிதன்று. கறுப்பு நாயை நீலத் துணியிலும் அமைக்கலாம். ஒளியும் இருளும் தத்தம் இடத்தில் அமைந்துவிட்டால் சாயல் தானே வந்துவிடும். கண்மணியில் சிறு வெள்ளைத் தையல் ஒன்று விழுந்ததும் உருவம் நம்மை நோக்கத் தொடங்கும்.

இது செல்வர்தம் பொழுதுபோக்கு என்று நாம் எண்ணக்கூடும். ஓரளவு அது உண்மையே. ஆயினும் இக்கிளையின் வேர் செல்வர் மனையில் இல்லை. கிழிந்த துணியையும் எறிய மனமில்லாத ஏழை இல்லங்களிலேயே அது ஊன்றியிருக்கிறது. அவ்வேரைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மும்பையிலுள்ள மாட்டுங்கா லேபர் கேம்புக்குச் சென்றால் போதும்.

தாராவியை ஒட்டி அமைந்துள்ள இக்குடியிருப்பு உழைப்பாளரின் ஊர் என்பதைப் பெயரே உணர்த்தும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பு நாடிச் சென்ற தமிழரும், மராத்திய நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து வந்தவரும், வடபுலத்தாரும் அங்கே சுவரோடு சுவர் சேர்த்து வாழ்கின்றனர். மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாட்டே வாழ்ந்த இடம் அது. முறையான பள்ளிப் படிப்பைப் பெறாத அவர் ‘ஃபகீரா’ என்னும் நாவலை எழுதிப் புகழ் பெற்றார். அவரைப் போல் எழுதுகோல் ஏந்தும் வாய்ப்பு அங்குள்ள பெண்கள் பலருக்கு வாய்க்கவில்லை. அவர்கள் கையில் இருந்தது ஊசி.

மராத்தியப் பெண்கள் தைக்கும் பழந்துணிப் போர்வைக்குக் கோதடி என்று பெயர். நைந்துபோன ஒன்பது கெஜப் புடவையைத் தரையில் விரித்து, அதன்மேல் வேட்டி, சட்டை, பாவாடைத் துண்டுகளை அடுக்கடுக்காகப் பரப்பி, அவற்றை மற்றொரு புடவையால் மூடுவர். துணி நகராமல் மூலைகளில் பாரம் வைப்பர். பின்பு ஓரத்திலிருந்து உள்நோக்கி நெருக்கமாக ஓட்டுத்தையல் இட்டுச் செல்வர். அண்டை வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் அமர்ந்தால் வேலை விரைந்து முடியும். பேச்சும் உடன் நடக்கும். வார இறுதி விடுதியில் கட்டணம் செலுத்திப் பெறும் கூட்டுறவு, சந்தில் செலவின்றிக் கிடைத்துவந்தது.

துணிக்கும் அங்கே பஞ்சமில்லை. 1854இல் காவஸ்ஜி தாவர் முதல் பஞ்சாலையை நிறுவிய காலந்தொட்டு மும்பை துணியின் நகரமாக விளங்கியது. 1982 ஜனவரியில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். அதன்பின் ஆலைகள் பல ஒவ்வொன்றாக மூடின. ஆனால் தாராவியின் சிறு தையற்கூடங்களில் ஊசி ஓயவில்லை. அங்கே வெட்டி எறியப்படும் துண்டுத்துணிக்குச் சிந்தி என்று பெயர். அதனையும் மூட்டை கட்டி விற்பதும் வாங்குவதும் ஒரு வாணிகம்.

தமிழர்க்கும் இக்கலைக்கும் சொல்லளவிலேனும் பழைய உறவு உண்டு. நாம் கந்தை என்கிறோம். வடமொழியில் அது கந்தா. வங்காளத்தார் பழந்துணிப் போர்வையைக் காந்தா என்பர். மூன்றும் ஒரே சொல்லின் வடிவங்களே. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்னும் பழமொழி, கிழிசலிலும் மானம் காக்கச் சொல்கிறது. பௌத்தத் துறவிகளின் ஆடையும் துண்டுகளை இணைத்துத் தைத்ததே. மகத நாட்டு நெல்வயல்கள் வரப்புகளால் பிரிந்து கிடந்த அழகைக் கண்ட புத்தர், அவ்வமைப்பிலேயே துறவியர் ஆடையைத் தைக்க இயலுமா என்று ஆனந்தரைக் கேட்டதாக விநயபிடகம் கூறுகிறது. எவரும் விரும்பித் திருடாத ஆடையிலும் ஓர் ஒழுங்கும் அழகும் வேண்டும் என்று எண்ணிய உள்ளம் அது.

துணியில் விலங்கின் உருவம் எழுதும் கலை வங்காளத்தில் பெரிதும் மலர்ந்தது. பழைய வேட்டிகளையும் புடவைகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவியெடுத்து, நடுவில் தாமரையும் மூலைகளில் மரங்களும் தைப்பது அங்குள்ள மரபு. இடைவெளியில் யானை, குதிரை, மீன், மயில் ஆகியவற்றோடு பல்லக்கும், சீப்பும், கத்தரியும் இடம்பெறும். ஓவியப் பள்ளி எதனையும் அறியாத பெண்கள், தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் ஊசிமுனையில் கொண்டுவந்தனர்.

இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தைத்தவர் யார் என்பது தெரியாமற் போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண் தம் தந்தைக்காகத் தைத்த காந்தா ஒன்றில் தம் பெயரையும் நூலால் எழுதி வைத்தார். குருசதய் தத்தர் அரிதின் முயன்று திரட்டிய நாட்டுப்புறக் கலைப்பொருள்களோடு அது கொல்கத்தாவை அடுத்த ஜோகாவிலுள்ள அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அப்பெயர் மட்டும் இல்லையேல், அதுவும் ‘பெயரறியாப் பெண்ணின் கைவேலை’ என்ற ஒரு சீட்டைத் தாங்கி நின்றிருக்கும். 1929இல் ஜசீமுத்தீன் இயற்றிய ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் காவியத்தின் தலைவியும் பிரிந்த கணவனை எண்ணித் தன் வாழ்வின் கதையையே போர்வையில் தைக்கிறாள்; இறக்குங்கால், அதனைத் தன் கல்லறைமீது விரிக்குமாறு வேண்டுகிறாள். போர்வை ஒரு வாழ்க்கை வரலாறாகும் என்பதை அக்கவிஞர் நன்கு உணர்ந்திருந்தார்.

கடல் கடந்த நாடுகளிலும் இதனையே காண்கிறோம். அமெரிக்காவில் 1880ஆம் ஆண்டுகளில், ஒழுங்கற்ற வடிவில் வெட்டிய பட்டுத் துண்டுகளை இணைத்து, அவற்றின்மேல் பறவை, பூனை முதலிய உருவங்களைப் பூத்தையலிடும் வழக்கம் பெருகியிருந்தது. இன்றைய வளர்ப்பு விலங்குப் போர்வைகளுக்கு அவற்றையும் முன்னோடிகள் எனலாம். நூறாண்டு கழித்து, 1987 அக்டோபரில், எய்ட்ஸ் நோயால் இறந்தோரின் பெயர்களைத் தாங்கிய 1,920 துணிப்பலகைகள் வாஷிங்டன் நகரின் திறந்தவெளியில் விரிக்கப்பட்டன. உறவினரும் நண்பரும் தைத்த அப்பலகை ஒவ்வொன்றும் ஓர் ஆள் படுக்கும் அளவினது. புள்ளிவிவரமாகச் சுருங்கிக் கிடந்த மரணங்கள் அன்று மீண்டும் மனிதர்களாயின.

இனி மீண்டும் மும்பைக்கு வருவோம். 2015ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் தாராவியில் ஒரு கலைவிழா நடைபெற்றது. சிநேகா என்னும் தொண்டு நிறுவனம் அதனை நடத்தியது. அவ்விழாவுக்காகத் தாராவிப் பெண்கள், சூசி விக்கரி என்னும் துணிக்கலைஞரோடு அமர்ந்து, தாம் வாழும் ஊரின் நிலப்படத்தைத் துணியில் தைத்தனர். அப்படத்தில் அவர்கள் குறித்தவை கடைவீதியும் கோயிலும் மட்டுமல்ல. பெண்கள் எங்கெங்கே எவ்வகைக் கொடுமைக்கு ஆளாகின்றனர் என்பதையும் குறித்தனர். வாயால் சொல்லத் தயங்குவதை ஊசி சொல்லிற்று. பேச்சுக்கு எதிரே ஒருவர் முகம் வேண்டும். தையலுக்குத் தலைகுனிந்தால் போதும். நாணமும் அச்சமும் உடையோர்க்கு இது எத்துணைப் பெரிய உதவி என்பதை நாம் உணர வேண்டும்.

ஆகவே, மறைந்த நாயின் முகத்தைத் தைப்பவரும், தம் சந்தின் துயரத்தைத் தைப்பவரும் ஒரே மரபினரே ஆவர். தாம் நேசித்தது, தாம் பட்டது, இவை இருந்த சுவடின்றி அழியலாகாது என்பதே இருவர் வேட்கையும். லேபர் கேம்பின் குறுகிய சந்துகளிலும் ஆடும் கோழியும் பூனையும் மனிதரோடு மனிதராய் வளர்கின்றன. அவற்றின் உருவம் கோதடியில் இடம்பெறாமற் போகலாம். ஆனால் கோதடியின் ஒவ்வொரு துண்டும் ஓர் உருவமே. இது பாட்டியின் புடவை, இது மகன் முதன்முதல் பள்ளிக்கு அணிந்த சட்டை, இது ஊரிலிருந்து வந்தபோது உடுத்தியிருந்த சீலை என்று தைத்தவள் விரலால் தொட்டுச் சொல்வாள். அவள் உள்ளவரை அப்போர்வை பேசும். அவளுக்குப்பின் அது வாய்மூடிவிடும்.

கடையில் விற்கும் கம்பளி மலிந்துவிட்ட இந்நாளில், பழைய போர்வைகளைக் குப்பையில் எறிகின்றோம். வீடு மாறும்போது முதலில் கழிக்கப்படும் பொருளும் அதுவே. தாராவியைப் புதிதாக்கும் திட்டங்களால் பல குடும்பங்கள் வீடு மாறும் காலம் இது. கோதடிகள் எத்தனை புது வீடு புகும்? நாம் ஒன்று செய்யலாம். தாயோ பாட்டியோ தைத்த போர்வை இல்லத்தில் இருந்தால், அதன் துண்டுகளின் கதையை அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்வோம். பிறகு, மானதாசுந்தரி செய்ததுபோல, போர்வையின் ஒரு மூலையில் தைத்தவர் பெயரையும் ஆண்டையும் நூலால் எழுதி வைப்போம். அரைமணி நேரத்து வேலைதான் அது. அதற்கு விடுதியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்; ஊசியும் நூலும் போதும்.