ரயில் மேசையில் பழைய பெட்ரோல் பங்க்

அமெரிக்க மாதிரி ரயில் தளங்களில் ரயில் நிலையம், சரக்குக் கிடங்கு, என்ஜினுக்கான தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றோடு பெரும்பாலும் தவறாமல் இடம்பெறும் கட்டடம் பெட்ரோல் பங்க். தண்டவாளத்துக்கு நேரடித் தொடர்பில்லாத இந்தக் கட்டடம் ரயில் மேசையில் நிலைத்ததற்கு முதற்காரணம் அதன் அளவு. பரவலாகப் புழங்கும் ஹெச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காகச் சுருக்கும் முறையில், ஓர் அடி என்பது 3.5 மில்லிமீட்டர். 40 அடி அகலமும் 25 அடி ஆழமும் உள்ள பங்க், 14 சென்டிமீட்டருக்கு 9 சென்டிமீட்டர் இடத்தில் அடங்கிவிடும். ஆயிரம் அடி நீள இரும்பாலையை இதே அளவில் கட்டினால் மூன்றரை மீட்டர் நீளும். அதை வெட்டிக் குறைத்தே வைக்க முடியும். பங்கை எதையும் குறைக்காமல் உண்மை விகிதத்திலேயே நிறுத்தலாம். அளவைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. எந்த ஆண்டைக் காட்டும் தளம் இது என்பதை என்ஜினுக்கு அடுத்தபடியாகத் துல்லியமாகச் சொல்வது பங்கின் பம்புதான்.

மோட்டார் வண்டி வந்தவுடனேயே பெட்ரோலுக்குத் தனிக் கட்டடம் வந்துவிடவில்லை. தொடக்க காலத்தில் பெட்ரோல் பலசரக்குக் கடையிலும் மருந்துக் கடையிலும் டின்களில் கிடைத்தது. வாங்கியவர் புனல் வைத்து ஊற்றிக்கொண்டார். இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேன் நகரைச் சேர்ந்த சில்வேனஸ் பவுசர் 1885-இல் மளிகைக் கடைக்காக மண்ணெண்ணெய் அளந்து ஊற்றும் பம்பு ஒன்றைச் செய்தார். அவருடைய நிறுவனம் 1905-இல் பெட்ரோலுக்கான பம்பைக் கொண்டுவர, அது கடை வாசல்களில் நடைபாதையோரம் நடப்பட்டது. 1908-இல் ஃபோர்டின் மாடல் டி வெளிவந்த பிறகு வண்டிகள் பெருகி, நடைபாதைப் பம்பின் முன் வரிசையாக நின்று தெருவை அடைத்தன. வண்டி தெருவை விட்டு உள்ளே வந்து நிற்க இடம் தேவைப்பட்டது. 1913 டிசம்பர் 1 அன்று கல்ஃப் நிறுவனம் பிட்ஸ்பர்க் நகரின் பாம் பூல்வார்டில் அப்படிப்பட்ட பங்கைத் திறந்தது. முதல் நாள் விற்பனை 30 காலன், விலை காலனுக்கு 27 சென்ட். காற்றும் தண்ணீரும் இலவசம். அதற்கு முன்பே செயின்ட் லூயிசிலும் சியாட்டிலிலும் பெட்ரோல் நிரப்பும் இடங்கள் இருந்தன என்றாலும், வண்டிகளுக்கென்றே திட்டமிட்டுக் கட்டிய பங்க் என்ற வகையில் பிட்ஸ்பர்க்கே தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. 1910-களின் சிற்றூரைக் காட்ட விரும்பும் தளத்தில் தனிப் பங்க் வேண்டியதில்லை. பலசரக்குக் கடை வாசலில் ஒற்றைப் பம்பு போதும், அதுவே சரியும்கூட.

பம்பின் வளர்ச்சியை நன்கு அறிந்தவர் தளத்தின் காலத்தைத் தவறவிட மாட்டார். இரும்புக் கூட்டுக்குள் மறைந்திருந்த பழைய பம்பில் எவ்வளவு பெட்ரோல் ஏறியது என்பதை வாங்குபவர் பார்க்க முடியவில்லை. அளவில் ஏமாற்று நடக்கிறது என்ற சந்தேகம் பரவியது. அதைத் தீர்க்க வந்தது கண்ணாடிப் பம்பு. பத்தடி உயரத் தூணின் உச்சியில் காலன் கோடுகள் இட்ட கண்ணாடி உருளை இருக்கும். பணியாள் நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளி, நிலத்தடித் தொட்டியிலிருந்து பெட்ரோலை உருளைக்குள் ஏற்றுவார். வாங்குபவர் அளவைக் கண்ணால் பார்த்த பின், குழாயைத் திறந்தால் பெட்ரோல் தன் எடையாலேயே வண்டித் தொட்டிக்கு இறங்கும். 1920-களின் அடையாளம் இந்தப் பம்புதான். ஹெச்.ஓ. அளவில் அதன் உயரம் 35 மில்லிமீட்டர். 160-இல் ஒரு பங்காகச் சுருக்கும் ‘என்’ (N) அளவில் 19 மில்லிமீட்டர் மட்டுமே. 1923-இல் ஈயம் கலந்த எத்தில் பெட்ரோல் ஒஹையோவின் டேட்டன் நகரில் விற்பனைக்கு வந்தது. அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தார்கள். மற்ற நிறுவனங்களும் தங்கள் சரக்கை அடையாளம் காட்ட வண்ணம் சேர்த்தன. ஆகவே மாதிரிப் பம்பின் உருளைக்குள் சிவப்போ நீலமோ தெரிவது அழகுக்காகச் செய்த கற்பனை அல்ல, வரலாறு.

மின்சாரம் வந்ததும் கண்ணாடி உருளை தேவையற்றுப் போனது. அடுத்து வந்த பம்பில் கடிகார முகம் போன்ற வட்டத்தில் முள் சுற்றி அளவைக் காட்டியது. 1930-களில் அளவையும் விலையையும் சேர்த்தே கணக்கிடும் எண்சக்கரப் பம்பு வந்தது. அதன் உடல் குட்டையாகி, விளிம்புகள் வளைந்தன. பம்பின் தலையில் நிறுவனச் சின்னத்தோடு ஒளிர்ந்த கண்ணாடி உருண்டை மட்டும் இந்த மாற்றங்களைக் கடந்து சில காலம் நீடித்தது. 1952-ஆம் ஆண்டு வண்டிகள் நிற்கும் நெடுஞ்சாலைப் பங்கில் கண்ணாடி உருளைப் பம்பு இருந்தால் அது பிழை. ஒதுக்குப்புறமான கிராமத்தில், துருவேறிய நிலையில் நின்றால் நம்பலாம். பழைய கருவிகள் அங்கே நெடுங்காலம் உழைத்தன.

கட்டடங்களும் இதே போலக் காலத்தைச் சொல்பவை. 1920-களில் வீடுகள் நிறைந்த தெருக்களுக்குள் பங்க் நுழைந்தபோது அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பைத் தணிக்க, நிறுவனங்கள் பங்கை வீடு போலவே கட்டத் தொடங்கின. ப்யூர் ஆயில் நிறுவனத்துக்காக கார்ல் பீட்டர்சன் வடிவமைத்த செங்குத்தான நீலக் கூரையும் புகைபோக்கியும் கொண்ட ஆங்கிலக் குடில் அவற்றுள் தலைசிறந்தது. இதற்கு நேர்மாறாக, தொலைவிலிருந்தே வண்டியை நிறுத்தவைக்கும் விளம்பரக் கட்டடங்களும் எழுந்தன. வாஷிங்டன் மாநிலத்தின் ஜில்லா என்ற ஊரில் 1922-இல் தேநீர்க் கூஜா வடிவிலும், வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் 1930-இல் சிப்பி வடிவிலும் கட்டப்பட்ட பங்குகள் இன்றும் நிற்கின்றன.

பொருளாதார மந்தம் இந்த அலங்காரங்களுக்கு முடிவு கட்டியது. எண்ணெய் விற்பனை மட்டும் போதாமல், டயர், மின்கலம், பழுதுபார்ப்பு என்று பங்கின் தொழில் விரிந்தது. கட்டடத்துக்குள் வண்டி ஏறும் கூடங்கள் தேவைப்பட்டன. டெக்சாகோவுக்காக வால்டர் டார்வின் டீக் 1930-களின் நடுவில் வரைந்த வெள்ளைப் பெட்டிக் கட்டடம் அதற்கு விடை. எனாமல் பூசிய இரும்புத் தகடுகள், சுற்றிலும் மூன்று பச்சைக் கோடுகள், மேலே சிவப்பு நட்சத்திரங்கள், பம்பின் மேல் நீண்ட கூரை: அமெரிக்கா முழுவதும் ஒரே முகமாகத் தெரிந்த இந்தக் கட்டடமே மாதிரி செய்பவர்களுக்கு மிகவும் பிடித்தமானது. நேர்கோடுகளும் தட்டையான சுவர்களும் பிளாஸ்டிக் தகட்டுக்கு இயல்பாகப் பொருந்துகின்றன. எனாமல் தகடு எங்கும் துருப்பிடிக்காது, பூச்சு உடைந்த விளிம்பில்தான் துரு எட்டிப்பார்க்கும். சுவர் முழுவதும் பழுப்புச் சாயம் பூசிப் பழமையாக்குவது, பொருளை உற்றுப் பார்க்காதவரின் வேலை.

ரயிலுக்கும் பங்குக்கும் உள்ள உண்மையான உறவு பலரின் கண்ணுக்குப் படுவதில்லை. பங்கில் விற்ற பெட்ரோல் பெரும்பாலான சிற்றூர்களுக்கு ரயிலில்தான் வந்தது. டாங்க் வேகன்கள் ஊரின் பக்கத் தண்டவாளத்தில் நிறுத்தப்பட்டு, அருகிலுள்ள எண்ணெய்க் கிடங்கின் உருளைத் தொட்டிகளுக்குச் சரக்கு மாறும். அங்கிருந்து சிறு லாரிகள் பங்குகளுக்கு எடுத்துச் செல்லும். பயணிகளை ரயிலிடமிருந்து பிரித்த மோட்டார் வண்டியே ரயிலுக்கு இந்தச் சரக்கையும் கொடுத்தது. கிடங்கும் பங்கும் ஒரே நிறுவனச் சின்னத்தோடு அமைந்த தளத்தில் டாங்க் வேகனுக்குப் போகவேண்டிய இடமும் காரணமும் கிடைத்துவிடுகின்றன. பங்கை மட்டும் வைத்துவிட்டுக் கிடங்கை விட்டுவிடுவது பெரிய குறை.

விளையாட்டுப் பொருளாகவும் பங்க் ரயிலோடு சேர்ந்து வந்தது. பிரிட்டனின் மெக்கானோ நிறுவனம் தன் ஹார்ன்பி ரயில்களுக்குத் துணைப்பொருளாகத் தொடங்கிய சிறு உலோக உருவங்களே டிங்கி டாய்ஸ் ஆயின. 1935-இல் அந்த வரிசையில் பவுசர், வேன், தியோ, ஷெல் பம்புகளும் ஓர் எண்ணெய்ப் பெட்டியும் ரப்பர் குழாய்களோடு ஒரே தொகுப்பாக வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிலடெல்பியாவின் பாக்மன் சகோதரர்கள் பிளாஸ்டிக்வில் என்ற பெயரில் பசையே இல்லாமல் பொருத்தும் வீடுகளை வெளியிட, அவற்றுள் ஒன்றாகப் பெட்ரோல் பங்கும் இருந்தது. லயனல் நிறுவனத்தின் பொம்மை ரயிலோடு கிறிஸ்துமஸ் மரத்தடியில் அவை அமெரிக்க வீடுகளை நிறைத்தன. அளவு துல்லியமில்லை, வண்ணம் பளிச்சென்றிருக்கும். ஆனாலும் ஒரு தலைமுறைக்கு மாதிரிக் கட்டடத்தை அறிமுகப்படுத்திய பெருமை அவற்றுக்கே உரியது.

துல்லியத்தைத் தேடியவர்கள் மரத்தாலான கைவினைத் தொகுப்புகளுக்குப் போனார்கள். 1967-இல் ஃபைன் ஸ்கேல் மினியேச்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜார்ஜ் செலியோஸ், 1930-களின் மந்தகாலத்தைக் காட்டும் தம் தளத்தின் வழியே, உரிந்த சாயமும் மங்கிய விளம்பரமும் கொண்ட பழைய தெருக்களைப் பலருக்கும் விருப்பப் பொருளாக்கினார். பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த சிட்டி கிளாசிக்ஸின் ‘கிராஃப்டன் அவென்யூ’ பங்க் எனாமல் காலத்துக் கட்டடத்தை ஹெச்.ஓ. அளவில் கொண்டுவந்தது. லேசர் வெட்டும் முப்பரிமாண அச்சும் வந்தபின் பம்பின் குழாய் முனைவரை செதுக்க முடிகிறது. ஜெர்மனியில் ஃபாலர் போன்ற நிறுவனங்களும் தங்கள் நாட்டுப் பங்குகளைச் செய்தன.

பெரும்பாலான அமெரிக்கத் தளங்கள் நீராவி என்ஜினும் டீசல் என்ஜினும் சேர்ந்து ஓடிய காலத்தையே தேர்ந்தெடுக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸின் எஃப்.டி. டீசல் என்ஜின் 1939-இல் செயல்விளக்கத்துக்காக நாடு சுற்றத் தொடங்கியது. நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் நீராவி 1960-இல் ஓய்ந்தது. இந்த இருபது ஆண்டுகளே பணியாள் கண்ணாடி துடைத்து, எண்ணெய் பார்த்து, பெட்ரோல் ஊற்றிய பங்குகளின் பொற்காலமும்.

அந்தப் பங்குகள் இப்போது வேகமாக மறைந்துவருகின்றன. நிலத்தடித் தொட்டிகள் கசிந்து மண்ணைக் கெடுப்பதைத் தடுக்க அமெரிக்க அரசு 1988-இல் விதிகள் கொண்டுவந்து, தொட்டிகளை மாற்றவோ மூடவோ 1998 டிசம்பர்வரை கெடு விதித்தது. விதி நியாயமானது, ஆனால் செலவைத் தாங்காத சிறு பங்குகள் பல மூடப்பட்டன. பாதுகாக்கப்பட்ட சிலவற்றைத் தவிர, மற்றவற்றுக்குப் புகைப்படமும் அளவுக் குறிப்பும்தான் மிஞ்சும். பழைய பங்க் ஒன்று இன்னும் நிற்கும் ஊரில் இருப்பவர்கள், அது இடிபடும் முன் நான்கு பக்கமும் படமெடுத்து, சுவரின் நீள உயரங்களை அளந்து வைக்கவேண்டும்.