தாழி: சாம்பல் வைக்கும் குடுவை அல்ல

‘தாழி’ என்ற சொல்லை நீங்கள் இரண்டு இடங்களில் கேட்டிருக்கலாம். ஒன்று, ‘வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த மாதிரி’ என்று அம்மம்மா சொல்லும் பழமொழி. மற்றது, கீழடி பற்றிய காணொளிகளில் வரும் ‘முதுமக்கள் தாழி’. முதலாவது தயிர் கடையும் பானை. இரண்டாவது இறந்தவரைப் புதைக்கும் பானை. இரண்டுக்கும் சொல் ஒன்றுதான். வாய் அகன்ற, வயிறு பெருத்த மண்பானைக்குத் தாழி என்று பெயர்.

ஆங்கிலத்தில் இதை ‘அர்ன்’ என்று எழுதுகிறார்கள். இங்கே வளர்ந்த நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும், தகனம் முடிந்தபின் சாம்பல் வாங்கிவரும் சின்னக் குடுவைதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் பழைய குடிகளுக்கு அது பொருந்தும். நோர்போக்கில் உள்ள ஸ்பொங் ஹில் என்ற இடத்தில் ஆங்கிலோ-சாக்சன் காலத்துச் சாம்பல் பானைகள் 2,000க்கு மேல் கிடைத்தன. ஆனால் தமிழ்நாட்டுத் தாழிகள் பல, ஒரு ஆளைக் குந்தவைக்கும் அளவு பெரியவை. சிலவற்றில் முழு உடல் இருந்தது. சிலவற்றில் உடல் மக்கிய பிறகு சேர்த்தெடுத்த எலும்புகள் இருந்தன. ஒரு கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது சில தகவல்கள் தொலைந்துபோகும் அல்லவா? இங்கே தொலைந்தது பானையின் அளவு.

‘முதுமக்கள்’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு கதை சொல்வார்கள். அந்தக் காலத்தில் கிழவர்களுக்குச் சாவே வராதாம். வயது போகப் போக உடல் சுருங்கிவிடுமாம். பார்க்க முடியாமல், கொஞ்சம் சோறும் ஒரு விளக்கும் வைத்து, உயிரோடு தாழிக்குள் இறக்கி மூடிவிடுவார்களாம். இந்தக் கதை இணையத்திலும் சுற்றுகிறது. ‘உங்கள் முன்னோர் அப்படியா செய்தார்கள்?’ என்று வகுப்பில் ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

மண்ணுக்குள் கிடைத்ததைச் சொல்லுங்கள். தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அங்கே 114 ஏக்கர் பரப்பில் ஒரு பழைய இடுகாடு உண்டு. 1876இல் ஜெர்மானியரான பியோடர் ஜாகோர் அங்கே தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். 2004இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் தொடங்கியபோது 150க்கு மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. பக்கத்தில் சிவகளையில், ஒரு தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள்.

இலங்கையிலும் தாழிகள் உண்டு. புத்தளம் மாவட்டத்தில், வில்பத்துக் காட்டுக்குள் இருக்கும் பொம்பரிப்பில் 1920களில் ஏ. எம். ஹோகார்ட் அகழ்ந்தார். அங்கே ஒரே தாழிக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் எலும்புகளும் கிடைத்தன. யோசித்துப் பாருங்கள். சேர்த்தெடுத்த எலும்பை வைக்கும் தாழிக்குள் உயிருள்ள கிழவர் எப்படிப் போவார்?

‘முது’ என்பது கிழத்தனத்தை மட்டும் குறிக்காது. முதுமொழி என்றால் கிழவர் பேசும் மொழி அல்ல, பழைய காலத்திலிருந்து வரும் சொல். அதுபோல முதுமக்கள் என்றால் நமக்கு மூத்தவர்கள், முன்னோர். அவர்களுடைய தாழி, முதுமக்கள் தாழி.

அந்தக் காலத்து மனிதர் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். புறநானூற்றின் 228ஆம் பாட்டு சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது பாடியது. அவன் புகழ் அவ்வளவு பெரியது. அதைக் கவிக்கும் தாழியை எப்படி வனையப் போகிறாய் என்று ஐயூர் முடவனார் குயவரைக் கேட்கிறார். 256ஆம் பாட்டில், கணவனோடு கூடவே வழிநடந்து வந்த ஒரு பெண் பேசுகிறாள். அவன் இறந்துவிட்டான். ஈமத்தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய்யுங்கள், எனக்கும் இடம் வேண்டும் என்று குயவரிடம் கேட்கிறாள். இரண்டு பாட்டிலும் வேண்டாதவரைத் தள்ளிவிடும் பேச்சே இல்லை. பிரிய மனமில்லாதவர்களின் பேச்சுத்தான் இருக்கிறது.

நாம் குடியிருக்கும் மிச்சத்திலும் ஓர் ஆங்கிலோ-சாக்சன் இடுகாடு இருந்தது. கர்னல் பிடர் அதை அகழ்ந்து, 200க்கு மேற்பட்ட புதைகுழிகளைக் கண்டார். உடல்களோடு ஈட்டிகளும் உடையில் குத்தும் ஊசிகளும் இருந்தன. அவற்றைப் பார்த்து, ஆங்கிலேயர் ஆட்களை உயிரோடு புதைத்தார்கள் என்று எவரும் கதை கட்டவில்லை. இறந்தவருக்கு வேண்டியதைக் கூட வைத்தார்கள் என்றுதான் சொல்கிறார்கள். தாழிக்குள் இருந்த நெல்லையும் அப்படியே பார்க்கலாம்.

கீழடி மக்களின் இடுகாடு கொந்தகை. அங்கே கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து, 2025இல் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தினர் இரண்டு ஆண்களின் முகங்களை உருவாக்கினார்கள். படத்தைத் தேடிப் பாருங்கள். உங்கள் மாமா ஒருவரின் சாயல் தெரிந்தாலும் தெரியும். அடுத்த முறை பாடசாலைக் கட்டுரையில் எழுத வேண்டி வந்தால், ‘அர்ன்’ என்று மட்டும் எழுதாமல் ‘தாழி’ என்றே எழுதி, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.